மறைந்து வரும் புள்ளி

அன்புள்ள ஐயா,

நாம் காண்பது மூளை வரைந்து காட்டும் படத்தைத்தான் என்று படித்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. அம்மா எதிரே உட்கார்ந்து பேசும்போதுகூட, இந்த முகமும் குரலும் என் தலைக்குள்தானே இருக்கின்றன, வெளியே ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாமே என்று தோன்றிவிடுகிறது. உலகம் மாயை என்று அத்வைத ஞானி சங்கரரும் இதைத்தானே சொன்னார்? எல்லாம் பொய்யா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். வெள்ளைத் தாளில் ஒரு பெருக்கல் குறி போடுங்கள். வலப்பக்கம் 8 செ.மீ. தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சுமார் 30 செ.மீ. தூரத்தில் புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் மாரியோத் கண்டுபிடித்தது இது. புள்ளி மறைந்த இடத்தில் ஓட்டை ஏதாவது தெரிகிறதா? இல்லை, வெள்ளைத் தாள் தெரிகிறது. புள்ளியின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் பாருங்கள், கோடு அறுபடாமல் ஓடும். அந்தத் துண்டு மூளை இட்டு நிரப்பியது.

ஆக, நீங்கள் படித்தது சரிதான். ஆனால் அங்கிருந்து ‘வெளியே ஒன்றுமில்லை’ என்ற முடிவுக்குத் தாவுவதை என்னால் ஏற்க முடியவில்லை. மூளை இட்டு நிரப்புகிறது என்று எப்படித் தெரிந்துகொண்டோம்? தாளை நகர்த்தினோம், புள்ளி திரும்பி வந்தது. பார்வையின் பிழையைப் பார்வையே காட்டிக்கொடுத்தது. எல்லாப் பார்வையும் பொய் என்றால் இந்தச் சோதனையும் பொய். அதைப் பிடித்துக்கொண்டு வந்த சந்தேகத்துக்கும் கால் ஊன்ற இடமிருக்காது. இதெல்லாம் ஒரு நீண்ட கனவல்ல என்று தருக்கத்தால் அடித்து நிறுவ முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மறுக்க முடியவில்லை என்பதற்காக அதை நம்ப வேண்டியதில்லை.

சங்கரர் விஷயத்தில் பலரும் அவசரப்படுகிறார்கள். உலகம் முயற்கொம்பு போல அறவே இல்லாதது என்று அவர் சொல்லவில்லை. பிரம்மசூத்திர உரையில், வெளிப்பொருளே இல்லை, அறிவு மட்டும்தான் என்ற விஞ்ஞானவாதிகள் எனும் பௌத்தப் பிரிவினரை எதிர்த்து வாதாடுகிறார். தூணையும் சுவரையும் பார்க்கிறவர்கள் தூணையும் சுவரையும்தான் அறிகிறார்கள், அவற்றை இல்லை என்பது வயிறார உண்டவன் ‘நான் சாப்பிடவே இல்லை’ என்று சொல்வது போல என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. கயிற்றைப் பாம்பென்று மயங்கும் உவமையிலும் கயிறு என்று ஒன்று கிடக்கத்தானே செய்கிறது! சைவ சித்தாந்தம் மாயையையே உண்மையில் உள்ள பொருள் என்கிறது, உலகுக்கு மூலப்பொருள் அது.

உங்கள் அம்மாவை மூளையின் வழியாகத்தான் பார்க்கிறீர்கள். பார்ப்பது அம்மாவைத்தான்.

இன்னொன்று. இப்படிக் கேள்வி கேட்பது வேறு, எல்லாமே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் நாள் முழுக்கத் தோன்றுவது வேறு. தூக்கம் கெட்டாலும் பதற்றம் கூடினாலும் அப்படி நேர்வதுண்டு, மனநல மருத்துவர்கள் நன்கு அறிந்த தொந்தரவுதான். உங்களுக்கு அப்படி இருந்தால் தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், அந்தத் தாளை அம்மாவிடமும் கொடுங்கள். ஏறக்குறைய அதே தூரத்தில் புள்ளி அவருக்கும் மறையும்.