கரண்டியை நீட்டுகிறாள், கொடுக்க மறுக்கிறாள்: கேள்வி பதில்

கேள்வி: பத்து மாத மகள் கரண்டியை நீட்டுகிறாள். வாங்கப் போனால் விடுவதில்லை. பிடிவாதமா?

பதில்: இல்லை, காட்டுகிறாள். பெரும்பாலும் காட்டுவது முதலில், கொடுப்பது அடுத்து, விரலால் சுட்டுவது முதல் பிறந்தநாளை ஒட்டி. 'எடுத்துக் கொடு' என்பது வேறு, 'இதைப் பாரேன்' என்பது வேறு. எலிசபெத் பேட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 1975இல் இப்படிப் பிரித்தார்கள். உங்கள் மகள் செய்வது இரண்டாவது. பிடுங்காமல், "அட, பாட்டியின் குழம்புக் கரண்டி!" என்று சொல்லுங்கள். "இது என்ன, சொல்லு" என்று பரீட்சை மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: பொருள்களின் பெயர் சொல்லும் காணொளி காட்டலாமா?

பதில்: வேண்டாம். பாட்ரிசியா குல் குழுவினர் 2003இல், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். பொம்மையும் புத்தகமுமாக ஆள் நேரில் பேசியபோது அம்மொழியின் ஒலி வேறுபாடு பிடிபட்டது. திரையில் பார்த்தவர்களுக்குப் பிடிபடவில்லை.

கேள்வி: முறுக்கு டப்பாவை இரண்டு தட்டுத் தட்டித் திறப்பேன். நான்கு வயதுப் பேரனும் தட்டுகிறான். யோசிக்கவே மாட்டானா?

பதில்: தாத்தா, யோசிப்பதால்தான் தட்டுகிறான். 2005இல் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் இருவரும் ஒரு பெட்டிக்குள் குச்சியை விட்டு உணவெடுத்துக் காட்டினார்கள். அதற்கு முன் மேல் துளையிலும் குத்தினார்கள். அது வீண்வேலை, உணவு வந்தது வேறு துளை வழியாக. கண்ணாடிபோல உள்ளே தெரியும் பெட்டியில் அது வீண் என்று தெரிந்ததும், உகாண்டாச் சிம்பன்சிகள் மேலே குத்துவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் விடாமல் குத்தினார்கள்.

கேள்வி: அப்படியென்றால் சிம்பன்சிதான் கெட்டிக்காரன்!

பதில்: உணவுக்கு மட்டும். குழந்தை 'இவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள்' என்றும் பார்க்கிறது. சோறு வடிப்பதையோ கோலம் போடுவதையோ காரணம் கேட்டுக்கொண்டா கற்றோம்?

கேள்வி: குருட்டுத்தனம் என்று ஒப்புக்கொள்ளுங்களேன்.

பதில்: மாட்டேன். உளவியலாளர் கெர்கெலி குழுவின் 2002 ஆய்வில் ஒரு பெண் நெற்றியால் முட்டி விளக்கை எரியவைத்தார். அவர் கை சும்மா இருந்தபோது, பதினான்கு மாதக் குழந்தைகளில் 69 விழுக்காட்டினர் நெற்றியால் முட்டினார்கள். போர்வையைப் பிடித்திருந்தபோது 21 விழுக்காடுதான். 'பாவம், கை ஓய்வில்லை' என்று புரிந்துகொள்வது குருட்டுத்தனமா?

கேள்வி: கட்டணச் செயலி என்றால் திரை பரவாயில்லையா?

பதில்: மேலே காணொளிக்குச் சொன்ன பதிலையே படியுங்கள்.

கேள்வி: அரை மணி நேரம் மட்டும்?

பதில்: மேலே. கரண்டிக்குக் கட்டணமில்லை.

கேள்வி: ஒன்றரை வயது. எதையும் காட்டுவதில்லை, சுட்டுவதுமில்லை.

பதில்: என் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் போங்கள். காதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (முறுக்குத் தாத்தா): நான் தட்டுவதை நிறுத்தட்டுமா?

பதில்: நிறுத்திப் பாருங்கள். "தப்பு தாத்தா" என்று டப்பாவைப் பிடுங்கி அவனே தட்டினாலும் வியப்பில்லை.