பூஞ்சை பிடித்த பூச்செடிகள்

கேள்வி: தாவரவியல் படிக்கும் என் மகள் பெசன்ட் நகர் கடற்கரையில் சேகரித்த செடிகளைச் செய்தித்தாளுக்குள் அழுத்தி வைத்தாள், ஒரே வாரத்தில் பூஞ்சை படர்ந்துவிட்டது. என்ன தவறு?
– வாசகி, வேளச்சேரி

பதில்: தாளை மாற்றாமல் விட்டதே தவறாக இருக்க வேண்டும். செடி வெளிவிடும் நீரைத் தாள் உறிஞ்சிக்கொள்கிறது; சென்னையின் ஈரக்காற்றில் அந்தத் தாள் தானாக உலர்வதில்லை என்பதால், முதல் சில நாட்களுக்குத் தினமும், பிறகு செடி மொடமொடப்பாகும் வரை ஒன்றுவிட்டு ஒரு நாளும், வெயிலில் காய்ந்த புதிய தாளுக்கு மாற்ற வேண்டும். அடும்பு போன்ற சதைப்பற்றுள்ள கொடியென்றால், அதன் தண்டையும் இலையையும் சில நொடிகள் கொதிநீரில் முக்கி எடுத்து அழுத்தினால் விரைவில் உலரும். பூவை முக்கக் கூடாது. முதல் தாள் மாற்றும்போதே, ஓரிரு இலைகளின் அடிப்புறம் மேலே தெரியுமாறு திருப்பி வைக்கச் சொல்லுங்கள்.

உலர்ந்ததை நெகிழிப் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் பூச்சிகள் மடியும். முற்காலத்தில் இதற்குப் பாதரசக் குளோரைடு பூசினார்கள். அது கடும் நஞ்சு, வீட்டில் வேண்டவே வேண்டாம். பிறகு சுமார் 42 × 28 செ.மீ. அளவுள்ள தடித்த தாளில் ஒட்டலாம்.

அடும்பின் ஊதா நிறம் உலரும்போது மங்கிவிடும். எனவே பூவின் நிறம், இடம், நாள், மண்ணின் தன்மை ஆகியவற்றைப் பறித்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். குறிப்பில்லாத மாதிரி, என் பார்வையில், வெறும் சருகுதான். கிண்டி தேசியப் பூங்காவில் மட்டும் வனத்துறை அனுமதியின்றி எதையும் பறிக்கலாகாது. ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், பெயரில் மட்டுமே சென்னையைத் தாங்கிய ‘மெட்ராஸ் ஹெர்பேரியம்’ என்ற உலர்தாவரக் காப்பகம் இருப்பது கோயம்புத்தூரில்.