ஒன்டாரியோவில் எங்கள் சிறு பண்ணையில் பத்துப் பன்னிரண்டு மேப்பிள் மரங்கள் உள்ளன. வீட்டார் மட்டும் சேர்ந்து சாறு இறக்கிப் பாகு காய்ச்ச முடியுமா?

தாராளமாக முடியும். மரத்தில் துளை போடுவது அரை நாள் வேலை. காய்ச்சுவதுதான் ஆளை வாட்டும். சுகர் மேப்பிள் சாற்றில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். 40 லிட்டர் வற்றினால் 1 லிட்டர் பாகு. பதநீர் காய்ச்சிய கை என்றாலும் இந்தத் தண்ணீர்க் கணக்கு மலைக்க வைக்கும். ஒரு துளைக்குப் பருவம் முழுவதும் ஏறக்குறைய 40 லிட்டர் வரும் என்று வைத்துக்கொண்டு, உங்கள் அடுப்பு தாங்கும் அளவுக்கே துளை போடுங்கள். முதல் வருஷத்துக்கு ஐந்தாறு போதும்.

இரவு உறைபனி, பகலில் 4, 5 டிகிரி என்று மாறி மாறி வந்தால்தான் சாறு ஓடும். உங்கள் பக்கம் அது பெரும்பாலும் பிப்ரவரி கடைசியில் தொடங்கும்.

நெஞ்சு உயரத்தில் 30 செ.மீ. விட்டம் இல்லாத மரத்தை விட்டுவிடுங்கள். 8 மி.மீ. டிரில் பிட், 4 செ.மீ. ஆழம், வாய்ப்பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும். வெளியே வரும் தூளைக் கவனியுங்கள். வெளிறி ஈரமாக இருந்தால் நல்ல இடம். பழுப்பாக வந்தால் அது செத்த கட்டை; சொட்டுகூட வராது. பழைய துளையிலிருந்து பக்கவாட்டில் 15 செ.மீ., மேல்கீழாக 30 செ.மீ. தள்ளிப் போடுங்கள். சாறு வடியும் சிறு குழாயைத் துளையில் செருகி, சுத்தியலால் மெல்லத் தட்டி, சத்தம் கெட்டியானதும் நிறுத்திவிடுங்கள். மேலும் அடித்தால் மரம் விரிந்து, சாறு வாளிக்குப் போகாமல் பட்டையில் வடியும். ஈயப் பற்றுவைத்த பழைய தகர வாளிகள் வேண்டாம். மூடி அவசியம், மழைத்தண்ணீர் கலந்தால் விறகுதான் வீண்.

மாலையில் வாளி சேகரிப்பதைப் பிள்ளைகளிடம் விடலாம். மேலே மிதக்கும் பனிக்கட்டியில் சர்க்கரை குறைவு, எடுத்து எறியலாம். சேர்த்த சாற்றைப் பனிக்குள் புதைத்து வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் காய்ச்சுங்கள்.

அடுப்பு வெளியில்தான். சமையலறையில் வைத்தால் ஆவியில் சுவரெல்லாம் நனைந்து பிசுபிசுக்கும். அகலமான, ஆழமில்லாத தட்டு சீக்கிரம் வற்றும். பொங்கினால் துளி வெண்ணெய். கடைசிக் கட்டத்தைச் சிறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கண் மூடித் திறப்பதற்குள் கருகிவிடும். அன்று தண்ணீர் கொதிக்கும் சூட்டை முதலில் அளந்து, அதைவிடச் சுமார் 4 டிகிரி செல்சியஸ் ஏறியதும் இறக்குங்கள். பதம் குறைந்தால் பூஞ்சை பிடிக்கும், மீறினால் புட்டியில் கற்கண்டு கட்டும். அடியில் தங்கும் மணல் போன்ற தாது உப்பு போக, சூடாகவே கம்பளித் துணியில் வடிகட்டி, 85 டிகிரி சூட்டில் புட்டியில் அடையுங்கள்.

மொட்டு பருக்கத் தொடங்கினால் சாறு ஓடினாலும் பாகில் கெட்ட வாடை வரும். அன்றே குழாய்களைப் பிடுங்கிவிடுங்கள். துளையை எதைக்கொண்டும் அடைக்க வேண்டாம், மரம் தானாக மூடிக்கொள்ளும்.