'படம்: கூகுள்' என்று போட்டால் போதுமா?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஓர் இயலைக் கட்டுரையாக்கி ஆய்விதழுக்கு அனுப்பினேன். வான்கோவின் 'விண்மீன் இரவு', பிக்காசோவின் 'குவெர்னிகா' இரண்டையும் சேர்த்து, கீழே 'படம்: கூகுள்' என்று போட்டிருந்தேன். அனுமதிக் கடிதம் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூலத்தைத்தான் சொல்லியிருக்கிறேனே?

பதில்: சொல்லவில்லை. கூகுள் வழிகாட்டிப் பலகை, மூலம் அல்ல. படத்தின் கீழே இப்படி இருக்க வேண்டும்: 'வின்சென்ட் வான்கோ, விண்மீன் இரவு, 1889, கித்தானில் தைலவண்ணம், 73.7 × 92.1 செ.மீ., நவீனக் கலை அருங்காட்சியகம், நியூயார்க்.' அதோடு படக்கோப்பை எந்தத் தளத்தில், என்று எடுத்தீர்கள் என்பதும் வேண்டும். வரிசையும் நிறுத்தற்குறியும் இதழுக்கு இதழ் மாறும்.

இதைச் சரியாகச் செய்தால் கருத்துத் திருட்டுப் பழி வராது. பதிப்புரிமை வேறு கணக்கு.

வான்கோ 1890இல் இறந்தார். ஓவியத்துக்கு உரிமைக்காலம் முடிந்துவிட்டது. அதை அப்படியே நகலெடுத்த புகைப்படத்துக்குத் தனி உரிமை கிடையாது என்று 1999இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2019ஆம் ஆண்டு நெறிமுறையில் அதையே சொல்கிறது. சிற்பமாக இருந்தால் நிலைமை வேறு. கோணமும் ஒளியும் புகைப்படக்காரரின் தேர்வு என்பதால் அவர் உரிமை கோர முடியும்.

சிக்கல் பிக்காசோவில்தான். அவர் இறந்தது 1973இல். இறப்புக்குப் பின் 70 ஆண்டுகள் என்று கணக்கிடும் நாடுகளில் 2043 முடியும்வரை உரிமை வாரிசுகளுடையது. ஓவியம் மாட்ரிட் அருங்காட்சியகத்தில் தொங்குவதால் உரிமையும் அங்கேதான் என்று எண்ணி அவர்களுக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். கித்தான் ஒருவரிடமும் உரிமை இன்னொருவரிடமும் இருக்கலாம்.

தப்பிக்க வழியே இல்லையா? பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு, வெளிவந்த படைப்பை நியாயமான அளவில் மேற்கோள் காட்ட இடம் தருகிறது. ஆனால் மூலமும் படைப்பாளியின் பெயரும் இருக்க வேண்டும். குவெர்னிகாவில் அலறும் குதிரையின் தலையை மட்டும் காட்டி அதன் கோடுகளைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தால் வாதாட இடமுண்டு. முகப்பில் அழகுக்காக முழு ஓவியத்தையும் வைத்திருந்தால் நான் அந்த வழக்கை எடுக்கமாட்டேன்.

இதழின் ஒப்பந்தத்தைப் படித்தீர்களா? பிறர் உரிமைகளுக்குக் கட்டுரையாளரே பொறுப்பு என்ற வரி அநேகமாக இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அச்சு, இணையம் இரண்டையும் அதில் குறிப்பிடச் சொல்லுங்கள். கடிதம் தாமதமானால் படத்தை எடுத்துவிட்டு அருங்காட்சியகப் பக்கத்தின் முகவரியைக் கொடுக்கலாமா என்று பதிப்பாசிரியரிடம் கேளுங்கள்.