மக்களவைத் தேர்தலில் யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா? தோற்கப்போகிற வேட்பாளருக்கு ஓட்டுப் போட்டால் அது வீண்தானே?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வீண் இல்லை. "வீண் ஓட்டு" என்ற அதே வார்த்தையை என் தாயாரிடம் நானே சொல்லி, அதற்காக இன்றுவரை வருந்திக்கொண்டிருப்பதால்தான் வேலைக்கு நடுவே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. உங்களுக்கு ஒரு வேட்பாளரைப் பிடித்திருக்கிறது. வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ விவரம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிய ஒருவர், "அவர் எங்கே ஜெயிக்கப்போகிறார், ஓட்டைப் பாழாக்காதே" என்கிறார். எங்கள் வீட்டில் அந்த விவரம் தெரிந்தவன் நான்தான்.

எனக்கு ஊர் சிவகாசி. அப்பா தொடங்கிய சிறிய ஆஃப்செட் அச்சகத்தை இப்போது நான் நடத்துகிறேன். மற்றவர்களுக்குத் தேர்தல் கணிப்பு டீக்கடைப் பேச்சாக இருக்கலாம். எங்களுக்கு அது பிழைப்போடு ஒட்டியது. கட்சிக்காரர்கள் நோட்டீஸுக்கும் சுவரொட்டிக்கும் கொஞ்சம் அட்வான்ஸ் கொடுப்பார்கள். மீதிப் பணம் வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு என்பார்கள். பேப்பர் கடைக்கு நாங்கள் கொடுக்க வேண்டியது உடனடிப் பணம். ஜெயித்தவர் பில்லைத் தீர்ப்பார். தோற்றவர் ஆறு மாதம் ஊரிலேயே இருக்க மாட்டார். ஆகவே யாருக்கு எவ்வளவு கடன் விடலாம் என்பதற்கு, யார் ஜெயிப்பார் என்று தெரிந்தாக வேண்டும்.

அப்பாவுக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. பிரசாரத்தின் கடைசி வாரத்தில் யார் ஆர்டரைத் திடீரென்று கூட்டுகிறார்களோ அவர்கள் பயந்துவிட்டார்கள் என்பார். யார் சொன்ன எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்கிறார்களோ அவர்களுக்கு நம்பிக்கை இருக்கிறது என்பார். 2004-இல் தமிழ்நாட்டில் அதிமுகவும் பாஜகவும் சேர்ந்து நின்ற அணி ஓர் இடம்கூட வாங்காது என்று வாக்குப்பதிவுக்கு முன்பே சொன்னார். புதுச்சேரியையும் சேர்த்து 40-க்கு 40 திமுக அணிக்குப் போனபோது கடைத்தெருவில் அவரைத் தேடி வந்து பாராட்டினார்கள். எனக்கு அதில் இன்றும் பெருமைதான். ஆனால் அதே அப்பா, டெல்லியில் வாஜ்பாய்தான் தொடர்வார் என்றும் உறுதியாகச் சொன்னார். "இந்தியா ஒளிர்கிறது" விளம்பரங்கள், தொலைக்காட்சிக் கணிப்புகள் எல்லாமே அதைத்தான் சொல்லின. மே 13-ஆம் தேதி எண்ணியபோது காங்கிரசுக்கு 145, பாஜகவுக்கு 138. மன்மோகன் சிங் பிரதமரானார். தன் மாநிலத்தைச் சரியாகப் படித்த மனிதர் தேசத்தைப் படிக்கத் தவறினார்.

அப்போதே நான் பாடம் கற்றிருக்க வேண்டும். 2009-இல் இன்னொரு வாய்ப்பு கிடைத்தது. தொகுதி மறுவரையறையில் சிவகாசி மக்களவைத் தொகுதி போய் விருதுநகர் தொகுதி வந்திருந்தது. 1998-இலும் 1999-இலும் சிவகாசியில் ஜெயித்த வைகோ இங்கே நின்றார். எதிரே நின்ற காங்கிரஸ் வேட்பாளர் மாணிக்கம் தாகூர் மக்களவைக்குப் புதியவர். எங்கள் தெருவில் வைகோ தோற்பார் என்று சொன்ன ஒருவரையும் நான் பார்க்கவில்லை. அவர் 15,764 ஓட்டில் தோற்றார். 2014-இல், கூட்டணிக் கணக்குதான் தமிழ்நாட்டில் ஜெயிக்கும் என்று காலங்காலமாகச் சொல்லப்பட்டதை உடைத்து, கூட்டணி இல்லாமல் நின்ற அதிமுக 37 இடங்களை வாங்கியது.

இவ்வளவையும் கண்ணால் பார்த்த பிறகும் 2024-இல் நான் செய்ததைச் சொல்கிறேன்.

அந்த ஆண்டு எங்களுக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. என் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவனுக்கும் அவன் மனைவிக்கும் ஓட்டு எங்கள் பூத்தில். செவ்வாய்க்கிழமை இரவு போன் செய்தான். "அண்ணே, வியாழக்கிழமை ராத்திரி பஸ் ஏறலாமா? போக வர இரண்டு பேருக்கும் டிக்கெட்டே மூவாயிரத்தைத் தாண்டும் போலிருக்கிறது" என்றான். நான் அச்சகத்தில் கடைசி நேர ஆர்டரோடு போராடிக்கொண்டிருந்தேன். "முடிவு தெரிந்த தேர்தலுக்கு எதற்கடா செலவு? தமிழ்நாடு முழுக்க ஒரே பக்கமாகத்தான் போகப்போகிறது" என்றேன். அவன் வரவில்லை.

அம்மாவிடம் நடந்ததுதான் பெரிய தவறு. அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். தினமும் செய்தித்தாளை எழுத்து விடாமல் படிப்பார். மூன்று முக்கிய வேட்பாளர்களில் ஒருவருக்குப் போடுவது என்று அவர் முடிவு செய்து வைத்திருந்தார். காலையில் பூத்துக்குக் கிளம்பும்போது நான், "அது வீண் ஓட்டம்மா, அவருக்குப் போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை" என்று ஆரம்பித்துப் போகிற வழியெல்லாம் பேசினேன். அம்மா எதிர்த்துப் பேசவில்லை. மாற்றிப் போட்டுவிட்டு வந்தார்.

அம்மா யாருக்குப் போட நினைத்தார், நான் யாருக்குப் போடச் சொன்னேன் என்பதை இங்கே எழுத மாட்டேன். அது அவருடைய ரகசியம். ஒருமுறை அதில் நான் தலையிட்டதே போதும். என் கட்சியைக் கண்டுபிடித்துச் சண்டைக்கு வர நினைப்பவர்களும் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். எல்லாக் கட்சிக்கும் நான் அச்சடித்துக் கொடுக்கிறேன்.

ஜூன் 4-ஆம் தேதி. மாநிலம் பற்றிய என் கணிப்பு முழுக்கச் சரி. 39-க்கு 39 திமுக அணிக்கு. ஆனால் எங்கள் தொகுதியில் முன்னிலை மாறி மாறி வந்துகொண்டிருந்தது. கடைசியில் மாணிக்கம் தாகூருக்கு 3,85,256. தேமுதிகவின் விஜய பிரபாகரனுக்கு 3,80,877. வித்தியாசம் 4,379.

இந்த எண்ணைச் சற்று நிதானமாகப் பாருங்கள். எங்கள் மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஒவ்வொன்றிலும் இருநூறுக்கு மேற்பட்ட வாக்குச்சாவடிகள். அதாவது ஒரு வாக்குச்சாவடிக்கு நான்கு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசம். ஒருவர் தன் ஓட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றினால் வித்தியாசத்தில் இரண்டு மாறும். அப்படிப் பார்த்தால் பூத்துக்கு இரண்டு பேர் மனம் மாறினால் முடிவே வேறு. என் தம்பி வீட்டில் இரண்டு பேர், அம்மா ஒருவர். எங்கள் பூத்தின் பங்கை என் ஒரு வீட்டிலேயே நான் கலைத்திருக்கிறேன்.

இரவு சாப்பாட்டு நேரத்தில் செய்தியைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார். "ஏனய்யா, எல்லாம் முடிவானது என்றாயே, இது என்ன இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது?" கோபமே இல்லாமல், உண்மையாகவே விளங்காமல் கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

மூன்று ஓட்டால் முடிவு மாறியிருக்காது என்று யாராவது எழுதுவீர்கள். தெரியும். 4,379-ல் மூன்று பெரிதல்ல. ஆனால் அன்று காலை இந்தத் தொகுதியில் என்னைப்போல எத்தனை பேர் எத்தனை அம்மாக்களிடம் இதையே பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 2004-இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளி சட்டமன்றத் தொகுதியில் ஒரே ஒரு ஓட்டில் முடிவு வந்தது. அதே 2024-இல் மும்பை வடமேற்கு மக்களவைத் தொகுதியில் வித்தியாசம் 48. இவை அபூர்வம்தான். உங்கள் தொகுதி அந்த அபூர்வமா இல்லையா என்பது எண்ணி முடித்த பிறகுதான் தெரியும்.

இனி முதல் கேள்வி. கணிக்க முடியுமா? காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை ஓரளவு சொல்லலாம். எத்தனை இடம் என்று சொல்வதில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். நம் தேர்தல் முறையில் ஒரு தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிக்கிறார், மற்றவர்களுக்கு விழுந்த ஓட்டுக்கு இடம் எதுவும் கிடையாது. 2014-இல் தமிழ்நாட்டில் அதிமுக வாங்கியது சுமார் 44 சதவீத ஓட்டு, 37 இடம். திமுக வாங்கியது கிட்டத்தட்ட 24 சதவீதம், பூஜ்யம். ஓட்டு சதவீதத்தில் இரண்டு மூன்று புள்ளி தவறினாலே இடக் கணக்கு தலைகீழாகும். கேட்கப்பட்டவர்கள் எல்லோரும் உண்மை சொல்வார்கள் என்பதும் இல்லை. எங்கள் ஊரில் பட்டாசுத் தொழிற்சாலை வாசலில் அறிமுகமில்லாத ஒருவர் நின்று "யாருக்குப் போட்டீர்கள்" என்று கேட்டால், தினக்கூலிக்குப் போகிற பெண் முதலாளி எந்தக் கட்சி என்பதை நினைத்துத்தான் பதில் சொல்வார்.

2024-இல் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜூன் 1 மாலை வந்த வாக்குக் கணிப்புகள் பெரும்பாலும் பாஜக அணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன. 400 கொடுத்தவர்களும் உண்டு. அதை நம்பித் திங்கட்கிழமை பங்குச் சந்தை சென்செக்ஸ் 2,500 புள்ளிக்கு மேல் ஏறியது. மறுநாள் எண்ணிக்கையில் அணிக்கு 293, பாஜகவுக்குத் தனியாக 240, பெரும்பான்மைக்குத் தேவை 272. அன்று ஒரே நாளில் கிட்டத்தட்ட 4,400 புள்ளி விழுந்தது. கணிப்பு நிறுவனங்கள் எல்லாம் மோசடி என்று நான் சொல்லவில்லை. உழைத்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது தேசத்தைப் பற்றி, நீங்கள் ஓட்டுப் போடுவது ஒரு தொகுதியில். நான் குழப்பிக்கொண்டது இதைத்தான்.

பிடிக்காத ஒருவர் வரக்கூடாது என்பதற்காக இரண்டாவதாகப் பிடித்தவருக்குப் போடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அது உங்கள் தீர்மானம், யோசித்துச் செய்கிற தீர்மானம். ஜெயிக்கிற பக்கம் இருக்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

எப்படித் தீர்மானிப்பது என்று கேட்டால், இப்போது நான் செய்வது எளிமையானது. ஒவ்வொரு வேட்பாளரும் வேட்புமனுவோடு உறுதிமொழிப் பத்திரம் தருகிறார். சொத்து, கடன், வழக்கு எல்லாம் அதில் இருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஏற்கெனவே எம்.பி.யாக இருந்தவர் என்றால் நாடாளுமன்றத்தில் என்ன கேள்வி கேட்டார் என்று மக்களவைத் தளத்தில் தேடுகிறேன். எங்கள் ஊருக்கு டெல்லி தூரமான இடம் இல்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் என்ற வேதிப்பொருளைத் தடை செய்ததிலிருந்து பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்கள் என்ன பாடுபடுகின்றன என்பதை நேரில் பார்க்கிறோம். 2023-இல் இருபது ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டபோதுதான் சாத்தூர், கோவில்பட்டித் தீப்பெட்டிக்காரர்கள் கொஞ்சம் மூச்சுவிட்டார்கள். இதையெல்லாம் பேசத் தெரிந்தவர் யார் என்பதுதான் என் கேள்வி. யார் ஜெயிப்பார் என்பது இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை எங்கும் சொல்ல இடம் கிடைக்கவில்லை. தேர்தல் நோட்டீஸ் அச்சடித்தால் அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவரின் பெயர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. வெளியிடுபவரிடம் உறுதிமொழி வாங்கி, அச்சிட்ட பிரதியோடு மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. அச்சடிக்கிறவனுக்கு இவ்வளவு பொறுப்பு வைத்த சட்டத்தில், அச்சடித்த கூலியை வாங்கித் தர ஒரு வரி இல்லை. சில தேர்தல்களுக்கு முன்பு ஒரு வேட்பாளரின் ஆட்கள் என்னிடம் நிறுத்திவைத்த பாக்கி இன்னும் வரவில்லை. ஜெயிப்பார் என்று நானே கணித்துக் கடன் விட்டேன். ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம், அதாவது அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளின் தொகுப்பு, போட வேண்டும், அதற்கு ஜூன், ஜூலையில் பேப்பர் வாங்க வேண்டும். அந்த வருடம் வட்டிக்கு வாங்கித்தான் பேப்பர் எடுத்தேன். கேட்கப் போனால் "தோற்றவரிடம் என்ன கேட்கிறீர்கள்" என்றார்கள். வேட்பாளரின் செலவுக் கணக்கில் காட்டப்பட்ட தொகை அச்சகக்காரனுக்கு உண்மையில் கொடுக்கப்பட்டதா என்று யாராவது எங்களிடம் வந்து கேட்க வேண்டும். ஒருவரும் கேட்பதில்லை.

தம்பி அதற்குப் பிறகு படிவம் 8 கொடுத்துத் தன் ஓட்டையும் மனைவியின் ஓட்டையும் திருப்பூருக்கே மாற்றிக்கொண்டுவிட்டான். "இனி யாரிடமும் கேட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டாம் அண்ணே" என்றான். அம்மாவின் ஓட்டு இங்கேதான் இருக்கிறது. முழங்கால் வலி கூடிவிட்டதால் அடுத்த முறையும் வண்டியில் நான்தான் அழைத்துப் போக வேண்டும். வழியில் தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். "சரி, பார்க்கலாம்" என்றார்.