பயங்கரவாதத்தைத் தடுக்க அரசு மக்களை உளவு பார்ப்பது நியாயமா?

நியாயமே, ஆனால் யாரை, எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்பதைச் சட்டம் முன்கூட்டியே வரையறுத்திருக்க வேண்டும். இலங்கையில் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களில் 250 பேருக்கு மேல் கொல்லப்பட்டபோது உளவுத் தகவலுக்குக் குறைவிருக்கவில்லை. இந்தியாவின் எச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் திகதியே கிடைத்திருந்தும் உரிய நடவடிக்கை எடுக்கப்படாததால்தான், 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தப் பணித்தது. யாழ்ப்பாணத்திலோ, காணாமலாக்கப்பட்ட மகனின் படத்தை ஏந்தி வீதியோரம் நிற்கும் தாயை, சிவில் உடையில் வந்தவர் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே கைத்தொலைபேசியில் படமெடுக்கிறார். அந்தப் படம் எந்தக் குண்டைத் தடுக்கும்? 1979இல் தற்காலிகமாக வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டதன் விளைவை அனுபவித்தவர்கள் நாங்கள். ஆதலால் கண்காணிப்பு உத்தரவை நீதிபதி ஒருவரே, காலவரையறையுடன் வழங்க வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.