பெரிய காரியங்களைத் தேடுகிறவருக்கு

கேள்வி: எனக்கு 29 வயது. ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. என்னைப் படைத்ததில் தேவனுக்கு ஒரு விசேஷ நோக்கம் இருக்கிறது என்று நம்புகிறேன். எரேமியா 29:11-ஐ எனக்கான வாக்குத்தத்தமாகப் பிடித்துக்கொண்டு நாலு வருடமாக ஜெபிக்கிறேன், உபவாசம் இருக்கிறேன். ஒரு தேவ ஊழியர் என் தலையில் கைவைத்து, "ஜாதிகளுக்கு முன்பாக உன்னை நிறுத்துவார்" என்றார், அதாவது பல தேசத்து ஜனங்களுக்கு முன்பாக. ஆனாலும் இதுவரை எதுவும் தெளிவாகவில்லை. இடையில் சபையில் ஞாயிறு பள்ளிக்கு ஆசிரியர் இல்லை, நீங்கள் எடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். அழைப்பு எதுவென்று தெரியாமல் எதிலும் கைவைக்கக் கூடாது என்று மறுத்துவிட்டேன். தேவன் ஏன் மவுனமாக இருக்கிறார்? வேலையை விட்டுவிட்டுக் காத்திருந்தால் பேசுவாரா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நாலு வருட ஜெபத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு பள்ளி விஷயத்தைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அங்கேதான் கண் நின்றது. தேவன் மவுனமாக இருக்கிறார் என்கிறீர்கள். உங்களிடம் ஒன்றைக் கேட்டிருக்கிறார்கள், நீங்கள் மாட்டேன் என்றிருக்கிறீர்கள். இதை மவுனம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கிற வசனம். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்கிறதில் 'உங்கள்' என்றால் மரியாதை அல்ல. நம் வேதாகமத்தில் தேவன் ஒரு ஆளோடு பேசினால் 'நீ' என்றே பேசுவார். 'உங்கள்' வந்தால் கூட்டம். இங்கே கூட்டம் என்பது பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து தன் தேசத்துக்குப் பிடித்துக்கொண்டுபோன ஜனங்கள். அவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் இது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் எழும்பி, இரண்டே வருடத்தில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று தீர்க்கதரிசனம் சொல்லி, பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தையும் எடுத்து உடைத்துப் போட்டான். கேட்கிறவர்களுக்கு அது இனித்திருக்கும். எரேமியாவின் கடிதம் எழுபது வருடம் என்றது. அதுவரை என்ன செய்வதாம்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். 11-ம் வசனத்தைச் சுவரில் மாட்டுகிற நாம் 5-ம் வசனத்தை மாட்டுவதில்லை. முழுக் கடிதத்தையும் வாசித்தால், கையைக் கட்டிக்கொண்டு காத்திரு என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

அதே புத்தகத்தில் இன்னொரு ஆள் இருக்கிறான். பிரசங்கங்களில் அவன் பெயர் அவ்வளவாகக் கேட்டதில்லை. நேரியாவின் மகன் பாருக். எரேமியா சொல்லச் சொல்ல எழுதுவது அவன் வேலை. நல்ல குடும்பம், செராயா என்று ஒரு பிரபு பின்னாளில் சிதேக்கியா ராஜாவோடு பாபிலோனுக்குப் போகிறான், அவனுக்கும் தகப்பன் நேரியா, பாட்டன் மாசெயா. சகோதரன் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, ஊரே வெறுத்த ஒரு தீர்க்கதரிசிக்கு எழுத்துவேலை செய்துகொண்டிருந்தான்.

யோயாக்கீம் ராஜாவின் நாலாம் வருடம், ஏறக்குறைய கி.மு. 605. எரேமியா ஆலயத்துக்குப் போக முடியாத நிலையில் இருக்கிறார். அவர் சொன்னதைப் பாருக் ஒரு சுருளில் எழுதி முடித்து, மறுவருடம் உபவாச நாளில் ஆலயத்தில் ஜனங்கள் கேட்க வாசிக்கிறான். செய்தி பிரபுக்களுக்குப் போகிறது. அவர்கள் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடியும் வாசிக்கச் சொல்கிறார்கள். இதையெல்லாம் எப்படி எழுதினாய் என்று கேட்கிறார்கள். அவர் வாயினால் சொன்னார், நான் மையினால் எழுதினேன் என்கிறான். தன்னைப் பற்றி வேறு ஒன்றும் சொல்லவில்லை. நீயும் எரேமியாவும் போய் ஒளிந்துகொள்ளுங்கள் என்று பிரபுக்கள் அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் சுருள் அரண்மனைக்குப் போகிறது. குளிர்காலம், ராஜாவுக்கு முன்னால் கணப்பு எரிகிறது. மூன்று நாலு பத்தி வாசித்ததும் ராஜா சூரிக்கத்தியால் அதை அறுத்து நெருப்பில் போடுகிறான். அடுத்த பத்திகள், மறுபடியும் கத்தி. சுருள் முழுவதும் சாம்பல்.

கர்த்தர் சொன்னது: இன்னொரு சுருளை எடுத்து எழுது. பாருக் திரும்ப உட்கார்ந்து முதலிலிருந்து எழுதினான். முன்னே இருந்ததைவிட அதிகமும் சேர்ந்தது. மாதக்கடைசியில் ஒரு பேரேடு தொலைந்து, திரும்ப உட்கார்ந்து எழுத நேர்ந்தால் எப்படியிருக்கும் என்று கணக்கு எழுதுகிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மனிதனுக்குக் கர்த்தர் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். 45-ம் அதிகாரம், ஐந்தே வசனம், முழுவதும் பாருக்குக்காக. முதல் சுருளை எழுதின அதே வருடத்துச் செய்தி. பெருமூச்சு விட்டே இளைத்துப்போனேன், இளைப்பாறுதல் இல்லை என்று அவன் புலம்பியிருக்கிறான். கிட்டத்தட்ட உங்கள் கடிதம். பதில் இப்படி வந்தது: "நீ உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ? தேடாதே." உயிரைக் காப்பேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தார். ஜாதிகளுக்கு முன்பாக நிறுத்துவேன் என்ற பேச்சே இல்லை. (அடுத்தவர் எழுத்தைத் திருத்தியே காலம் போகிற ஒரு பத்திரிகை ஆசிரியனுக்கு இந்த வசனம் கொஞ்சம் அதிகமாகவே வலிக்கும். அது என் பாடு.)

பெரிய ஊழியத்தில் ஆசை வைப்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'என் நோக்கம், என் அழைப்பு, என் தரிசனம்' என்று நாம் சொல்லும்போது அந்த 'என்' எவ்வளவு கனமாக இருக்கிறது என்று கொஞ்சம் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கே தேவன் தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், "உன் காலமெல்லாம் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடு" என்றால் அதை அழைப்பு என்று எடுத்துக்கொள்வீர்களா, அல்லது இன்னும் மூன்று நாள் உபவாசம் போடுவீர்களா?

அந்த ஊழியர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதிருங்கள் என்ற பவுல் அடுத்த மூச்சில் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொன்னார். உங்கள் சபை மூப்பர்களில் உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு பேரிடம் இதைச் சொன்னீர்களா? கடிதத்தில் இல்லை. உண்மையென்றாலும் அவசரமில்லை. தாவீதை ராஜாவாக அபிஷேகம் பண்ணின பிறகும் அவன் ஆடு மேய்க்கத்தான் திரும்பிப் போனான். யுத்தகளத்துக்கு முதலில் போனதே அண்ணன்மாருக்கு வறுத்த பயறும் அப்பமும் கொண்டுபோய்க் கொடுக்கத்தான். பின்னாளில் பவுல் என்று அறியப்பட்ட சவுல் தமஸ்குவுக்குப் போகிற வழியில் விழுந்துகிடந்தபோதும் அவனுக்குக் கிடைத்தது எழுந்து பட்டணத்துக்குள் போ, மீதி அங்கே சொல்லப்படும் என்கிற அளவுதான்.

வேலையை விடலாமா என்றால், வேண்டாம். காத்திருப்பதற்காக யாரும் வேலையை விட்டதாக எனக்கு ஞாபகமில்லை. எலிசா வேலையை விட்டவன், சரி. ஆனால் எலியா தீர்க்கதரிசி வந்து, அழைப்பின் அடையாளமாகத் தன் சால்வையை அவன்மேல் போட்டபோது அவன் பன்னிரண்டாம் ஏரை ஓட்டி உழுதுகொண்டிருந்தான். கூப்பிட்ட பிறகுதான் மாடுகளை அடித்து, ஏர் மரத்தை எரித்துச் சமைத்து ஜனங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். கிளம்பிப் போய் அவன் செய்த வேலை என்ன தெரியுமா? பல காலம் கழித்து ராஜாக்கள் மூன்று பேர் தண்ணீரில்லாமல் தவித்து, தீர்க்கதரிசி யாராவது உண்டா என்று விசாரிக்கும்போது ஒரு ஊழியக்காரன் எலிசாவை இப்படி அறிமுகப்படுத்துகிறான்: எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன்.

ஜெபத்தையும் உபவாசத்தையும் நிறுத்தச் சொல்லவில்லை. கூடவே இந்த வாரம் சபைக்குப் போன் செய்து, ஞாயிறு பள்ளிக்கு ஆள் கிடைத்துவிட்டார்களா என்று விசாரியுங்கள். கிடைத்திருந்தால் அவருக்கு உதவியாளர் வேண்டுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் முதல் வகுப்புக்கு எரேமியா 36-ஐ எடுத்துக்கொண்டு போங்கள். ராஜா கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிற இடத்தில் ஒரு பிள்ளையும் அசையாது.